மேடையில் நின்ற அந்த உடம்பு எங்கே போனது டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 22 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நாலு வருஷமாக ஜிம் போகிறேன். போன மாதம் முதல்முறையாக ஆணழகன் போட்டியில் 65 கிலோ பிரிவில் இறங்கினேன். பத்து வாரத்தில் 76 கிலோவிலிருந்து 64.7-க்கு வந்தேன். கடைசி மூன்று நாள் உப்பில்லாத சாப்பாடு, கடைசி ஒன்றரை நாள் தண்ணீரும் கிடையாது. மேடையில் தொடை பிடித்துக்கொண்டு போஸ் நிற்க முடியவில்லை, முதல் ஐந்தில் வரவில்லை. அன்று ராத்திரி சாப்பிட ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் பத்து நாளில் 9 கிலோ ஏறிவிட்டேன். கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. இப்போதும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிடுகிறேன். கம்பெனியில் "போட்டிக்குப் போனவனா இது" என்று கேட்கிறார்கள், கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. ஜிம்மில் ஒரு அண்ணன் "நேச்சுரலா வந்தா இவ்வளவுதான்டா, அடுத்த தடவை பத்து வாரம் கோர்ஸ் போட்டு இறங்கு" என்கிறார், ஸ்டீராய்டு ஊசியைத்தான் அப்படிச் சொல்கிறார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியேட்டினின் 1.4, கல்லீரலுக்குப் பார்க்கிற எஸ்ஜிஓடி 78 என்று வந்திருக்கிறது. அம்மா தினமும் அழுகிறார். மேடையில் நின்ற அந்த உடம்பு எங்கே போனது? கோர்ஸ் போடலாமா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிடவா?

பதில்:

தம்பி, முதலில் கால் வீக்கம், மற்றதெல்லாம் அப்புறம். இந்த வாரத்துக்குள் பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனையிலோ உங்களுக்குப் பழக்கமான டாக்டரிடமோ போய் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சோடியம், பொட்டாசியம், ஒரு ஈசிஜி, இவ்வளவும் பார்த்துவிடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, முகமும் சேர்ந்து வீங்குகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது, இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரம் என்று தள்ளாமல் இன்றைக்கே போங்கள். பெரும்பாலும் கவலைப்பட எதுவும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு அதைச் சொல்லிவிட முடியாது, யாராவது காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த 9 கிலோ. அது முழுக்கக் கொழுப்பு என்று நினைத்துத்தான் கண்ணாடியைத் தவிர்க்கிறீர்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக உள்ளே போக வேண்டும், அப்படியென்றால் 9 கிலோவுக்கு 69,000 கலோரி, பத்து நாளில் என்றால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே தினமும் 6,900. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிட்டாலும் அந்தக் கணக்கு வராது. நடந்தது வேறு. பத்து வாரமாகக் காலியாகிக் கிடந்த தசை, சோறும் சர்க்கரையும் கிடைத்ததும் அதைக் கிளைக்கோஜனாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது, அதிலேயே இரண்டு கிலோ போய்விடும். குடலில் சாப்பாடு இருக்கிறது. பெரிய பங்கு உப்புத் தண்ணீர்: மூன்று நாள் உப்பும் ஒன்றரை நாள் தண்ணீரும் இல்லாமல் பயந்துபோன உடம்பு, ஆல்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோனைக் கூட்டி வைத்துக்கொண்டு உள்ளே வருகிற உப்பையெல்லாம் சிறுநீரகத்திடம் சொல்லிப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நேரத்தில் மாவும் இனிப்புமாக உள்ளே போனால் இன்சுலின் ஏறும், அதுவும் உப்பை வெளியே விடாமல் வைக்கிற வேலையைத்தான் செய்யும். கணுக்காலில் விழுகிற குழி பெரும்பாலும் இதுதான். உண்மையான கொழுப்பு இரண்டு கிலோவோ மூன்றோ இருக்கலாம், அது இருக்கட்டும். 4 அல்லது 5 சதவீதக் கொழுப்போடு யாரும் வாழ்வதில்லை. போட்டோவில் பார்த்து நாம் ஏங்குகிற எல்லோருமே அந்த உடம்போடு ஓரிரு நாள்தான் இருக்கிறார்கள். நீங்கள் இழந்தது அந்த ஒரு நாள் உடம்பைத்தான், நாலு வருஷம் சேர்த்த தசை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

ஏன் முதல் ஐந்தில் வரவில்லை என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது, கோர்ஸ் பேச்சு வந்ததும் அதனால்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் உள்ளூர்ப் போட்டிகள் சிலவற்றில் முதலுதவி டாக்டராக மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை கல்யாண மண்டபம் ஒன்றில் போட்டி. சாயங்காலம் நாலு மணிக்கு எடை பார்த்தார்கள், ஆறு மணிக்குத் தொடக்கம் என்று நோட்டீஸ், சிறப்பு விருந்தினர் வர எட்டு ஆனது, 65 கிலோ பையன்கள் மேடை ஏறும்போது பத்தேகால். அதுவரை அவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் பழைய பெட்ஷீட்டை விரித்து, காலை பிளாஸ்டிக் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள், சுவரெல்லாம் டேன் கலர் ஒட்டியிருந்தது. ஒரு பையன் ஜாம் பொட்டலத்தைக் கடித்துத் திறந்து விரலால் நக்கிக்கொண்டிருந்தான், நாக்கு ஒட்டிக்கொண்டு முழுங்க முடியவில்லை. கெண்டைக்கால் சதை தோலுக்குள் எலி ஓடுவது போல் துள்ளிக்கொண்டிருந்தது. ஓஆர்எஸ் கலக்கிக் கொடுத்தால் "வேண்டாம் சார், கட்ஸ் போயிடும்" என்று கையைத் தட்டிவிட்டான், தசை வரிகளைத்தான் கட்ஸ் என்பார்கள். கடைசியில் பயந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி நேரத்தில் ஒரு டம்ளருக்கு மேல் குடித்தான். கூப்பிடும்போது துள்ளல் நின்றிருந்தது, ரப்பர் பேண்டை இழுத்துத் தசைக்கு ரத்தம் ஏற்றி, அதாவது பம்ப் அடித்தபோது முன்கையில் நரம்பு புடைத்து வந்தது, அதுவரை எவ்வளவு இழுத்தும் வரவில்லை.

ஏன் என்று பாருங்கள். தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தண்ணீரை நிறுத்தினால் தோலுக்கு அடியில் இருக்கிறது மட்டும் தனியாக வற்றி, தசை ததும்பி நிற்கும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள், உடம்பில் அப்படித் தனிக் குழாய் கிடையாது, எல்லா இடத்திலிருந்தும்தான் போகும், ரத்தத்திலிருந்தும் போகும். ரத்தத்தின் அளவு குறைந்தால் பம்ப் எங்கிருந்து வரும்? உப்பு விஷயம் இன்னும் மோசம். ஓஆர்எஸ் பொட்டலத்தில் சர்க்கரையும் உப்பும் ஒன்றாக இருப்பது ருசிக்காக இல்லை, குடலில் குளுக்கோஸ் உள்ளே போக சோடியம் கூட வர வேண்டும், ஒன்று இல்லாமல் மற்றது சரியாக ஏறாது. உப்பையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கும் ஜாமும் ஏற்றினால் அது தசைக்குப் போய்ச் சேராமல் வயிற்றிலேயே உப்பிக்கொண்டு நிற்கும். நீங்கள் மேடையில் தட்டையாகவும் வயிறு கொஞ்சம் தள்ளியும் தெரிந்திருப்பீர்கள், தொடை பிடித்திருக்கும், நடுவர் பார்த்தது அதைத்தான். பழகின கோச் யாரிடமாவது கேளுங்கள், கடைசி வாரத்தில் எதையும் புதிதாக மாற்றாமல் தண்ணீரும் உப்பும் வழக்கம்போல் வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கவனித்துச் சாப்பிட்டு இறங்குகிறவன்தான் முதல் போட்டியில் நன்றாக நிற்பான் என்று சொல்வார். தசை வரி தெரியாமல் மறைப்பது கொழுப்பு, அதைக் கடைசி மூன்று நாளில் கரைக்க வழியே இல்லை.

அந்தக் கொழுப்புக்குத்தான் உங்களுக்கு நேரம் போதவில்லை. பத்து வாரத்தில் 11.3 கிலோ, வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். வாரத்துக்கு உடல் எடையில் அரையிலிருந்து ஒரு சதவீதம் வரை இறக்கினால் தசை பெரும்பாலும் தங்கும், அதற்கு மேல் அவசரப்பட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். 76-லிருந்து 65-க்கு வர, வேகமாக இறக்கினாலும் 16 வாரம், நிதானமாக என்றால் 20 வாரத்துக்கு மேல். நோட்டீஸ் ஒட்டின பிறகு தயாராக ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், முதல்முறை எல்லோரும் செய்வதுதான்.

அப்புறம் போஸிங். அதைப் பழகினதாக ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை, அதிலிருந்தே தெரிகிறது. முன்பக்கம் டபுள் பைசெப்ஸ், முன்பக்கம் லேட் ஸ்ப்ரெட், சைட் செஸ்ட், பின்பக்கம் டபுள் பைசெப்ஸ், பின்பக்கம் லேட் ஸ்ப்ரெட், சைட் ட்ரைசெப்ஸ், வயிறும் தொடையும், இந்த ஏழும் கட்டாயம். ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து விநாடி சிரித்த முகத்தோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும், நடுவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், கூப்பிடாமல் ஓரமாக நிற்கும்போதுகூடத் தொடையும் வயிறும் இறுக்கத்திலேயே இருக்க வேண்டும். பழகாதவனுக்கு மூன்றாவது நிமிஷத்தில் தொடை நடுங்கும், அதோடு தண்ணீரும் இல்லை என்றால் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். பின்பக்கப் போஸ்தான் புதுப் பையன்களைக் காட்டிக்கொடுக்கும், கண்ணாடியில் பார்க்க முடியாது என்பதால் யாரும் பழகுவதில்லை, ஒரு காலைப் பின்னால் வைத்துக் கெண்டைக்காலை இறுக்கவே மறந்துவிடுவார்கள். போனைத் தரையில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள், நடுவர்கள் மேடைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கிருந்து உங்கள் உடம்பு வேறு மாதிரி தெரியும். தினமும் 20 நிமிஷம், போட்டிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே. காசு செலவில்லை. கூட நின்றவர்களைவிட உங்களிடம் தசை குறைவாகக்கூட இருந்திருக்கலாம், ஆனால் இருந்ததில் பாதியைக்கூட நீங்கள் அன்றைக்குக் காட்டவில்லை.

இப்போது ராத்திரிப் பசி. இதை நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், மனக்கட்டுப்பாடு இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்கிற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடுதான், ஆறு மாதம் போல அரைவயிறாக வைத்துப் பார்த்தார். உடல் எடையில் கால் பங்கு போனது. அவர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகம் வாங்கிப் படித்தார்கள், கனவிலும் சாப்பாடுதான், எரிச்சல், சோர்வு, பெண்களைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. சாப்பாட்டைத் திறந்துவிட்ட பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்காமல் பல வாரம் தவித்தார்கள். நல்ல மனத்திடம் உள்ளவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள் அவர்கள். நீங்கள் பத்து வாரத்தில் செய்துகொண்டதும் அதில் ஒரு துண்டுதான், கூடவே எடையும் தூக்கியிருக்கிறீர்கள், எட்டு மணி நேரம் நின்று வேலையும் பார்த்திருக்கிறீர்கள்.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. மருந்து எதுவும் எடுக்காத ஒரு பாடிபில்டரைப் போட்டிக்கு முன் ஆறு மாதமும் பின் ஆறு மாதமும் தொடர்ந்து அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். 14.8 சதவீதமாக இருந்த கொழுப்பு 4.5-க்கு வந்தபோது, அவருடைய டெஸ்டோஸ்டிரோன் 9.22 நானோகிராமிலிருந்து 2.27-க்கு விழுந்திருந்தது, நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 53-லிருந்து 27. ஊசியில்லை, மாத்திரையில்லை, வெறும் பட்டினியும் பயிற்சியும்தான். போட்டி முடிந்து ஒழுங்காகச் சாப்பிட்டதும் ஹார்மோன் தானாகப் பழைய அளவுக்கு வந்துவிட்டது, தூக்கும் பலம் மட்டும் ஆறு மாதம் ஆகியும் முழுசாகத் திரும்பவில்லை. உங்களுக்கும் காலையில் எழுந்திருக்கவே முடியாத அலுப்பும், எதிலும் ஆசையில்லாத மாதிரியும் இப்போது இருக்கும், கேட்க வெட்கப்பட்டு எழுதாமல் விட்டிருப்பீர்கள். மூன்று மாதம் கொடுங்கள். திரும்ப டயட் ஆரம்பித்து இறக்கப் பார்க்காதீர்கள், அதுதான் இந்தச் சுழலை இழுத்துக்கொண்டே போகும். காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று நேரத்துக்கு, சோறு உட்பட, வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதை வயிறு நிறையச் சாப்பிடுங்கள், படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு முட்டையும். பகலில் வயிறு நிறைந்தால் இரண்டு மணி முழிப்பு தானாகக் குறையும். எடை மெஷினில் வாரம் ஒரு முறைக்கு மேல் ஏறாதீர்கள்.

சரி, கோர்ஸ்.

அந்த அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், அவருக்கும் யாரோ ஒரு அண்ணன் இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார், உங்கள் மேல் இருக்கிற பிரியத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாதிதான் உண்மை. அந்த உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: டெஸ்டோஸ்டிரோன், டெக்கா போன்ற ஊசிகள் தசையைக் கூட்டும், சோதனை இல்லாத போட்டியில் உங்கள் பக்கத்தில் நிற்கிறவர் போட்டிருக்கக்கூடும், அப்படிப்பட்ட மேடையில் போடாதவனுக்கு முதல் பரிசு கஷ்டம்தான். இதை மறைத்துவிட்டு "அதெல்லாம் வேலை செய்யாது" என்று சொன்னால் நாளைக்கு என் மற்ற வார்த்தையையும் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இப்போது மற்றப் பாதி. உங்களை அன்றைக்குக் கீழே இறக்கியது பத்து வார அவசரமும், வற்றிப்போன உடம்பும், பழகாத போஸிங்கும். இந்த மூன்றில் ஒன்றையாவது ஊசி சரிசெய்யுமா? அதே தொடை அதே மேடையில் திரும்பப் பிடித்துக்கொள்ளும், உள்ளே மருந்து இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை "போதும், இங்கே நிறைய இருக்கிறது" என்று விரைக்கு அனுப்புகிற சமிக்ஞையை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி நிற்கும். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் குழந்தையில்லை என்று ஒரு தம்பதி வந்தார்கள், பெண்ணுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்து முடித்திருந்தார்கள், மாமியார் பேச்சையெல்லாம் அந்தப் பெண் கேட்டு முடித்திருந்தாள், கணவரைப் பரிசோதிக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் தோளைப் பார்த்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று கோர்ஸ் போட்டிருந்தார், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். அவருக்குத் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, எல்லோருக்கும் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. உங்கள் உடம்பு இப்போதுதான் பட்டினியிலிருந்து மீண்டு சொந்த ஹார்மோனைத் திரும்ப எழுப்பிக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் ஊசி போட்டால் எழுந்துகொண்டிருப்பதையே அமுக்கிவிட்ட மாதிரி.

அப்புறம் மார்பில் பெண்களுக்கு வருவது போல் கட்டி, அது வந்துவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். நல்ல கொழுப்பான எச்டிஎல் சரியும், கெட்டது ஏறும், ரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும். இதில் எதுவும் வலிக்காது, அதனால்தான் "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று அந்த அண்ணனால் சொல்ல முடிகிறது. வாயில் போடுகிற மாத்திரை வகைகள் கல்லீரலையும் சேர்த்து அடிக்கும். ஒரே குப்பியிலிருந்து நாலு பேர் எடுக்கிற பழக்கம் இருந்தால் மஞ்சள் காமாலை வைரஸும் எச்ஐவியும்கூட அந்த வழியில் வரலாம். டாக்டர் சீட்டு இல்லாமல், பில் இல்லாமல் கைமாறுகிற குப்பியில் லேபிளில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று அந்த அண்ணனாலும் உறுதி சொல்ல முடியாது. இன்னொன்று, பயிற்சிக்கு முன் "தெம்புக்கு" என்று மெஃபென்டெர்மின் ஊசி யாராவது நீட்டினால் அந்த ஜிம்மை விட்டே வெளியே வந்துவிடுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் ரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே மயக்க மருந்து டாக்டர் போடுகிற மருந்து அது.

சோதனை உள்ள போட்டிகளும் இருக்கின்றன. நம் நாட்டில் ஊக்கமருந்துச் சோதனைக்கு நாடா என்கிற தேசிய அமைப்பு இருக்கிறது, 2022-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. ஸ்டீராய்டில் மாட்டினால் முதல் தடவையே நாலு வருஷம் வரை தடை. தண்ணீர் இறக்கும் மாத்திரையும் அதே தடைப் பட்டியலில்தான் இருக்கிறது. அடுத்த முறை பேர் கொடுக்கும் முன் அமைப்பாளரிடம் "சோதனை உண்டா" என்று கேளுங்கள். இருந்தால் அது உங்கள் மேடை. இல்லாத மேடையில் நிற்பதாக இருந்தால், பரிசுக்காக இல்லாமல் போன தடவை நின்ற உங்களைவிட நன்றாக நிற்பதற்காக ஏறுங்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு ஏறினால் ஏமாற்றம் இந்த அளவுக்கு இருக்காது.

ரத்த ரிப்போர்ட்டைப் பற்றி. 1.4 கிரியேட்டினினைப் பார்த்து அம்மா "கிட்னி போச்சு" என்று அழுதிருப்பார். தசை நிறைய உள்ளவர்களுக்கு அது இயல்பிலேயே கொஞ்சம் கூடத்தான் இருக்கும், கிரியேட்டின் பவுடர் எடுத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், உடம்பு வற்றியிருந்தாலும் ஏறும். எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறது, முந்தின நாள் கனமான லெக் டே போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் 78 என்ன, அதற்கு மேலும் வரும். ஒரு வாரம் ஜிம்முக்குப் போகாதீர்கள், பவுடர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், வழக்கம்போல் தண்ணீர் குடியுங்கள், அதன்பிறகு திரும்ப எடுங்கள். இந்த முறை சிஸ்டாட்டின் சி, ஜிஜிடி, சிபிகே மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். தசையின் அளவு சிஸ்டாட்டினை அவ்வளவாகப் பாதிக்காது, ஜிஜிடி தசையிலிருந்து வராது, சிபிகே தசையைத்தான் காட்டும், மூன்றையும் பக்கத்தில் வைத்தால் சிறுநீரகமா கல்லீரலா தசையா என்று உங்கள் டாக்டருக்குப் பிடிபட்டுவிடும். அப்போதும் ஏறியே இருந்தால், அல்லது சிறுநீரில் புரதம் இருந்தால், சிறுநீரக டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பயிற்சிக்குப் பிறகு என்றைக்காவது சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்லப்போவதில்லை. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 120-லிருந்து 150 கிராம் புரதம் தாராளம், அதற்கு மேல் போவதில் லாபமில்லை. ஆறு முட்டை, கால் கிலோ கோழியோ மீனோ, 50 கிராம் சோயா சங்க்ஸ், அரை லிட்டர் பால், வீட்டுப் பருப்பு, கொள்ளு, சுண்டல், இதிலேயே வந்துவிடும், டப்பா வாங்கினால்தான் உண்டு என்றில்லை. பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் குடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், வேகவைத்த முட்டையின் புரதம் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது, பச்சையில் பாதிதான் சேரும்.

விட்டுவிடவா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஆனால் அடுத்த போட்டிக்கு ஒன்றரை வருஷம் இடைவெளி விடுங்கள். முதல் ஆறு மாதம் உடம்பு தேறட்டும், நல்ல தூக்கம், பலம் திரும்பட்டும், அதன்பிறகு நிதானமாகத் தசை ஏற்றி, 20 வாரம் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். 65 கிலோதான் உங்கள் இடமா, 70 கிலோவா என்பதை அப்போது முடிவு செய்யலாம், இந்தத் தடவை பட்ட பாட்டைப் பார்த்தால் உங்கள் எலும்புக்கு 70 பொருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வங்காளத்து மனோகர் ஐச், ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கும்போது வயது நாற்பதை ஒட்டி. 2016-ல் அவர் இறக்கும்போது நூறைத் தாண்டியிருந்தார். நம் ஊர் எஸ். பாஸ்கரன் 2019-ல் இந்த விளையாட்டுக்காக அர்ஜுனா விருது வாங்கியபோது அவரும் இருபதுகளில் இல்லை. உங்களுக்கு 22.

கண்ணாடி விஷயத்தை மட்டும் கவனியுங்கள். போட்டி முடிந்து சில வாரம் உடம்பு பிடிக்காமல் போவது வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது நான் பார்க்கிறது. ஆனால் இரண்டு மூன்று மாதம் கழித்தும் சட்டையைக் கழற்ற வெட்கம், எவ்வளவு இருந்தாலும் ஒல்லியாகவே இருக்கிறோம் என்ற நினைப்பு, ஒரு நாள் பயிற்சி தவறினால் உலகமே போன மாதிரி பதற்றம், இவை நீடித்தால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது, மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், எந்த நேரமும். கம்பெனியில் கேலி செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம், ட்ரங்க்ஸோடு நானூறு பேர் முன்னால் நிற்க அவர்களில் யாருக்கும் துணிச்சல் இருந்திருக்காது.

அம்மாவை டாக்டரிடம் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று டாக்டர் வாயாலேயே கேட்டால் பாதி அழுகை நிற்கும். போட்டிக்கு முன் மூன்று நாள் உப்பில்லாமல் சமைத்துப் போட்டதும் அவராகத்தான் இருக்கும், அவருக்கும் ஒரு குற்ற உணர்வு இருக்கும், அதை நீங்கள் எடுத்துவிட வேண்டும்.

ஒரு விஷயம் கடிதத்தில் இல்லை. கடைசி ஒன்றரை நாள் தண்ணீரை நிறுத்தியபோது, "தண்ணி இறங்க" என்று யாராவது மாத்திரை கொடுத்தார்களா? லேசிக்ஸ் மாதிரி ஏதாவது? 1992-ல் முகமது பெனாஜிஸா என்கிற பெரிய பாடிபில்டர் போட்டியில் ஜெயித்த சில மணி நேரத்தில் இறந்துபோனார், தண்ணீர் இறக்கும் மருந்துதான் காரணம் என்று பேசப்பட்டது. அந்த மாத்திரை பொட்டாசியத்தைக் கலைத்து இதயத்துடிப்பைத் தடுமாற வைக்கும், தொடைப் பிடிப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கொடுத்திருந்தால் கோபித்துக்கொள்ளமாட்டேன், யார் கொடுத்தார்கள் என்றும் கேட்கமாட்டேன். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று மட்டும் ஞாபகப்படுத்தி ஒரு தாளில் எழுதி வையுங்கள், அட்டை பையில் கிடந்தால் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டாவது ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.